"எனக்காகக் காசைக் கரியாக்காதீங்க": புற்றுநோய் வந்த பெரியவர் ஒதுங்கிப்போகும்போது

கேள்வி சுருக்கமாக இது: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற 72 வயது அம்மா. கன்னத்தின் உள்ளே ஆறாமலிருந்த புண் புற்றுநோய் என்று உறுதியாகி, மஹரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் "வாய்ப்புண்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவரோ பேச்சைக் குறைத்துவிட்டார், தட்டைத் தள்ளி வைக்கிறார், "எனக்காகக் காசைக் கரியாக்காதீங்க" என்கிறார். மகனுக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் மருமகளும் பேத்தியும். உண்மையைச் சொல்லலாமா, இந்த மனநிலைக்கு என்ன செய்யலாம் என்று மகன் கேட்கிறார்.

முதலில் ஒன்று. உங்கள் அம்மாவுக்கு அநேகமாக எல்லாம் தெரியும். மலையகத்தில் "மஹரகமைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அபேக்ஷா வைத்தியசாலை எதற்கானது என்பது மலையில் கொழுந்தெடுக்கும் எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிகிறது. நீங்கள் மறைப்பதால் இது பேசக்கூடாத விஷயம் என்று அவரும் மறைக்கிறார். பயத்தைச் சொல்ல ஆளில்லாமல் போவது இப்படித்தான். பேச்சு குறைந்ததற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சொல்லுங்கள். ஆனால் போனில் வேண்டாம், மஹரகமவுக்குப் புறப்படும் முதல் நாள் இரவும் வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாக லீவு எடுத்து நேரில் வாருங்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதையும் யோசிக்க வேண்டும். பழைய லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) பலவற்றில் தடுப்புச் சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு காம்பராவில் மூக்கை உறிஞ்சினால் அடுத்த காம்பராவில் கேட்கும். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்கு, லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திப் பக்கமோ கோயில் திண்ணையிலோ உட்காருங்கள். அழுதால் ஊரே கேட்குமே என்ற கூச்சம் இருந்தால் அவர் அழமாட்டார்.

பேச்சைச் செய்தியோடு தொடங்காமல் கேள்வியோடு தொடங்குங்கள். "டாக்டர் என்னம்மா சொன்னாரு? நீங்க என்ன நெனைக்கிறீங்க?" பலர் இந்த இடத்திலேயே "அந்த நோய்தானே" என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், "முழுசா சொல்லவா, இல்ல நானே பாத்துக்கவா?" என்று கேளுங்கள். "நீயே பாத்துக்க" என்றால் அதையும் மதியுங்கள். அது அவருடைய முடிவு. கேட்க விரும்பினால் படிப்படியாக இறங்குங்கள்: சாதாரணப் புண் இல்லை, சதை எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று வந்திருக்கிறது, அதைத்தான் கேன்சர் என்கிறார்கள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று உடனே பூசி மெழுகாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்கமாட்டார். எத்தனை நாள் என்று கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டாம், யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

அதற்கு முன் நீங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டியது ஒன்றுண்டு: இந்தச் சிகிச்சை குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா, வலியைக் குறைக்க மட்டுமா? மூன்றும் வேறு வேறு. "வயசாயிருச்சு, இனி எதுக்கு" என்று பிள்ளைகளே முடிவெடுப்பதும், "எப்படியாவது செஞ்சே ஆகணும்" என்று பிடிவாதம் பிடிப்பதும் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். வயதை மட்டும் வைத்து டாக்டர்கள் தீர்மானிப்பதில்லை. தானே நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, பிரஷர், சீனி எப்படி, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதெல்லாம் சேரும். ஐம்பது வருடம் மலை ஏறி இறங்கிய 72 வயது உடம்பு சிகிச்சையைத் தாங்குவதும் உண்டு.

இனி "காசைக் கரியாக்காதீங்க". இதைச் சாக விரும்புகிறார் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாட்சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவருக்கு, வேலைக்குப் போகாத ஆள் மேல் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் கடன் மாதிரித் தெரியும். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது கணக்கால். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கையைக் கடிப்பது வேறு: இரண்டு பேருக்குப் பஸ், சாப்பாடு, தங்குமிடம், சில நேரம் வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை, கூடப் போகிறவர் இழக்கும் சம்பளம். இவற்றை ஒரு தாளில் எழுதி, எது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் மனதில் இருக்கும் தொகை பெரும்பாலும் உண்மையைவிடப் பெரியதாக இருக்கும்.

அவருடைய சொந்தக் காசு ஏதாவது தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். இந்தச் சர்விஸ் காசு முழுதாக வந்ததா, ஊழியர் சேமலாப நிதியும் (EPF) ஊழியர் நம்பிக்கை நிதியும் (ETF) எடுத்தாகிவிட்டதா, பெயரிலோ அடையாள அட்டை இலக்கத்திலோ பிழை இருந்து எங்காவது கிடக்கிறதா என்று தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் இன்னொரு பெயர் என்பதில்தான் இந்தக் காசு சிக்கிக்கொள்ளும். 70 வயது தாண்டியவர் என்பதால் அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்து முதியோர் கொடுப்பனவு பற்றியும், புற்றுநோயாளருக்கான நோய் உதவிப்பணம் பற்றியும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டாம். உறுதிப்படுத்திய நோயறிக்கை, கிளினிக் புத்தகம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி எடுத்து வையுங்கள். வருகிற காசில் ஒரு சிறு பகுதியாவது அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கட்டும். பேத்திக்கு மிட்டாய் வாங்கக்கூட மருமகளிடம் கை நீட்ட வேண்டியிருப்பது, நோயைவிட அதிகமாகச் சிலரை உள்ளுக்குள் உடைத்துவிடும்.

பேத்தியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் பள்ளிக்கூடம் போகிறாளா? பாட்டியைப் பார்க்க ஆளில்லை என்று முதலில் நிற்பது வீட்டுப் பெண்பிள்ளையின் படிப்புத்தான். பாட்டிக்கு அது தெரியாமல் போகாது. தன்னால் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பே "என்ன விட்டுருங்க" என்று வெளியே வரும். வாரத்தின் ஏழு நாளையும் எழுதி, எந்த நேரம் யார் என்று பிரியுங்கள். பக்கத்துக் காம்பராவில் ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் இருந்தால் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே மருமகள் அரை நாள் வேலைக்காவது போய் வரலாம்.

சாப்பாட்டைத் தள்ளுவது மனமா, வாயா என்று பிரித்துப் பாருங்கள். கன்னத்தில் புண் உள்ளவர் ரொட்டியையும் கொச்சிக்காய்ச் சம்பலையும் தள்ளினால் அது மனச்சோர்வு ஆகாது. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்துப் பாருங்கள். குழைந்த கஞ்சி, பருப்பு, அவித்த முட்டையை மசித்துக் கலந்தது, பால், ஆறிய தேத்தண்ணி என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. அப்படியும் தள்ளினால் மனதைப் பற்றி யோசிக்கலாம். எடையை வாரம் ஒருமுறை தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்து எழுதி வையுங்கள். வேகமாக இறங்கினால் கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். தண்ணீரே இறங்கவில்லை என்றால் அன்றே வைத்தியசாலைக்கு.

இன்னொன்று கூச்சம். எச்சில் வழிகிறது, மெல்லும்போது ஒரு பக்கம் இழுக்கிறது, யாரும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். தனியாகவும் விடாதீர்கள், எல்லோரும் சூழ்ந்து "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றும் நச்சரிக்காதீர்கள். அடுப்படியில் ஒருவர் கூட உட்கார்ந்து, தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டால் போதும். தோளில் ஒரு சிறு துவாய்.

வாடை பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வாய்ப் புண்ணில் கிருமி சேர்ந்தால் நாற்றம் வரும், பெரியவருக்கே அது முதலில் தெரியும், அதனால்தான் இஸ்தோப்பு (முன்திண்ணை) மூலைக்கு நகர்கிறார். இதற்கு மருந்து உண்டு, வெட்கப்படாமல் டாக்டரிடம் "வாய் நாறுது" என்றே சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் போன்றதொன்றை எழுதிக் கொடுத்தால் சில நாட்களில் குறையும். வீட்டில், ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் கொப்பளிக்கட்டும். தினம் புதிதாகக் கரைக்க வேண்டும். கட்டிலுக்கடியில் அகலத் தட்டில், எரியாத, முழுதாக ஆறிய அடுப்புக்கரி வையுங்கள். சாம்பிராணி போடாதீர்கள், மூடிய காம்பராவில் அது இருமலைத்தான் கிளப்பும்.

தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். புற்றுநோய் தொற்றாது, வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்ச் சிகிச்சை முடிந்து வருபவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேத்தி மடியில் உட்காரலாம், பக்கத்தில் படுக்கலாம். கீமோ மருந்தும் சேர்ந்தால் மட்டும், கொடுத்து இரண்டு நாள்வரை சிறுநீர், வாந்தி துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. "தொத்தாது" என்று பத்துத் தடவை சொல்வதைவிட, அம்மா குடித்து வைத்த டம்ளரை நீங்கள் எடுத்து அதில் சாயத்தண்ணி ஊற்றிக் குடித்தால் அதை லயமே பார்த்துக்கொள்ளும்.

வெற்றிலை விஷயம் நுட்பமானது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதில் சந்தேகமில்லை, இனி அவர் போடக்கூடாது. ஆனால் "அப்பவே சொன்னோம், கேட்டீங்களா" என்று யாரும் பேச அனுமதிக்காதீர்கள். மழையிலும் குளிரிலும் கூடையோடு நின்ற காலத்தில் பசியைத் தள்ளிப்போட்டது அந்த வெற்றிலைதான். இன்று அதை நிறுத்தும்போது அவர் இழப்பது வாயில் போடும் பொருளை மட்டும் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் நாலு கிழவிகள் ஒரே பையில் கைவிட்டு உட்காரும் அந்தக் கூட்டமே போய்விடுகிறது. அந்தப் பெண்களிடம் நீங்களே போய், "அம்மா கூட உட்காரும்போது மட்டும் வெத்தல வேணாம், வந்து பேசிட்டுப் போங்க" என்று கேளுங்கள். வருவார்கள். வந்த கையோடு அவர்களும் அரச வைத்தியசாலைப் பல் டாக்டரிடம் வாயைக் காட்டட்டும். கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், மூன்று விரல் நுழைய வாய் திறக்காமை.

இரவு. இதை யாரும் மனநலத்தோடு சேர்ப்பதில்லை, ஆனால் சேர்க்க வேண்டும். கக்கூஸ் வெளியே, படி ஈரம், இருட்டு, குளிர். எழுப்பக் கூச்சப்பட்டு, பகல் மூன்று மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். அதனால் எச்சில் தடிக்கும், மலம் இறுகும், வலிக்கு மோர்ஃபின் கொடுத்திருந்தால் இன்னும் இறுகும், பிறகு பசியே போகும், முதியவருக்குத் தலையும் குழம்பலாம். "அம்மாவுக்கு மனசு சரியில்ல" என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்க் கணக்கு. பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை போட்டு, கீழே மூடியுள்ள வாளி வைத்து, பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள். கையெட்டும் இடத்தில் டோர்ச். மோர்ஃபின் எழுதினால் மலமிளக்கியும் சேர்த்துக் கேளுங்கள். மோர்ஃபின் கொடுத்தால் கடைசி வந்துவிட்டது என்ற பயத்தால் பலர் குளிசையை ஒளித்து வைத்துவிட்டு வலியில் கிடக்கிறார்கள். அது வலிக்கான மருந்து, டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் வேலைசெய்யும்.

கதிர்ச் சிகிச்சைக்கு முன் சொல்லி வைக்க வேண்டியவை: வாய்ப் பகுதிக்குக் குணமாக்கும் நோக்கில் கொடுத்தால் பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம். வலி குறைக்க மட்டுமென்றால் மிகக் குறைந்த நாட்கள். தொடங்குமுன் கெட்ட பற்களைப் பிடுங்கச் சொல்வார்கள். அது ஏன் என்று சொல்லாவிட்டால் "வாய்க்கு வந்து பல்லையும் புடுங்குறாங்க" என்று நம்பிக்கை போய்விடும். சிகிச்சைக்குப் பிறகு தாடை எலும்பில் காயம் எளிதில் ஆறாது, அதனால்தான் முன்பே பிடுங்குகிறார்கள். முகத்தின் மேல் வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடியைப் பொருத்தி, அசையாமல் மேசையோடு பூட்டுவார்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் பெரியவர்கள் மிரண்டு, மறுநாள் வரமாட்டேன் என்பார்கள். சில நிமிடம்தான், சூடோ வலியோ தெரியாது, அறையில் தனியாக இருந்தாலும் வெளியிலிருந்து கமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையை உயர்த்தினால் நிறுத்துவார்கள் என்று முன்னதாகவே சொல்லுங்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய் வெந்து புண்ணாகும், முடிந்த பிறகும் ஓரிரு வாரம் அப்படியே இருக்கும். அந்த நாட்களில் மூக்குவழிக் குழாய் போட்டால் அது பெரும்பாலும் தற்காலிகம் என்பதையும் இப்போதே சொல்லுங்கள்.

ஏழு வாரம் தோட்டத்தை விட்டு இருப்பது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கலாம். வார்டில் அனுமதிப்பார்களா, வெளியே தங்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டு முடிவு செய்யுங்கள். பட்டன் போன் ஒன்றில் 1, 2, 3 என்று மூன்று எண்ணை மட்டும் பதிந்து கொடுங்கள். வாய் வலியில் பேச முடியாத நாளுக்கு ஒரு ஏற்பாடு: ஒரு மிஸ்கோல் என்றால் நல்லா இருக்கேன், தொடர்ந்து இரண்டு என்றால் திருப்பி எடு.

மொழியும் இங்கே நோயாகிறது. வலி, காய்ச்சல் எல்லாம் கையைக் காட்டியாவது புரிய வைத்துவிடலாம். "மனசு வெறுத்துப்போச்சு", "நெஞ்ச அடைக்குது" என்று அம்மா சொல்வது கூடப் போனவர் வாயில் சிங்களத்தில் "ஒன்றுமில்லை, பலவீனம்" என்று சுருங்கிவிடும். டாக்டரிடம் போய்ச் சேராத நோய்க்கு மருந்தும் வராது. கூடப் போவது ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளாக இருக்கட்டும். அம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தமிழில் எழுதிப் போங்கள், தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ வார்டில் பெரும்பாலும் ஒருவராவது இருப்பார். இல்லாவிட்டால் "நிந்த யன்னே நே" (தூக்கம் வரவில்லை), "பயய்" (பயம்), "ஹித்தட்ட அமாருய்" (மனதுக்குக் கஷ்டம்) என்ற மூன்றையாவது அம்மாவுக்கே பழக்கிவிடுங்கள்.

எப்போது இது வெறும் கவலை இல்லை? பேத்தி வந்தாலும் முகம் மலராமை, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து அப்படியே கிடப்பது, நான் பாரம், நான் செய்த பாவம் என்ற ஒரே பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மருத்துவம் வேண்டிய மனச்சோர்வு. டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ புற்றுநோய் கிளினிக்கிலோ மனநல வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குளிசைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், முதியவருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். மூன்றாம் நாள் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். இதற்கு மாறாக, நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால் அது மனச்சோர்வு அல்ல. கிருமித் தொற்று, நீர் வற்றுதல், மருந்தின் விளைவு ஏதோ ஒன்று, உடனே வைத்தியசாலை. கீமோ எடுப்பவருக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலும் அப்படியே. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து ரோட்டில் எந்த இடம்வரை வண்டி வரும் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

"சாமி கூப்பிட்டா போதும்" என்று வயதானவர் சொல்வது வேறு, தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வேறு. எது என்று சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "உயிர மாய்ச்சுக்கலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பலருக்குக் கேட்டதே பாரம் இறங்கியதாக இருக்கும். ஆமென்றால் தனியே விடாதீர்கள், மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல்களையும் மிச்சக் குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

கோயில் நேர்த்தி, கயிறு, மந்திரிப்பு பற்றி மருமகளோடு சண்டை வேண்டாம். கயிறு கையில் இருக்கட்டும், விளக்கும் எரியட்டும். உள்ளே குடிக்கக் கொடுக்கும் கஷாயத்தை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, அம்மா இன்னும் கேட்காத, ஆனால் ராத்திரி யோசித்துக்கொண்டிருக்கக்கூடிய கேள்வி: "அங்கேயே செத்துட்டா என்ன எப்படிக் கொண்டாருவீங்க?" இந்தப் பயத்தாலேயே மஹரகமவுக்கு வரமறுப்பவர்கள் உண்டு. "அபசகுனமாப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். எந்த வண்டி, யார் ஏற்பாடு, எந்த இடத்தில் அடக்கம் என்று அவர் காதுபடவே பேசி முடித்துவிடுங்கள். சிகிச்சை பலனளிக்காமல் போனால் வலி மருந்தோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள், சொன்னால் செய்யவும் வேண்டும். தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தாப் புத்தகம் எங்கே என்று அம்மாவிடமே கேளுங்கள். பெரும்பாலும் அது அவர் தலைமாட்டு ட்ரங்குப் பெட்டியில், அடையாள அட்டைக்குக் கீழே இருக்கும்.